ஆல்டோ வரியில் ஒரு புள்ளி

பொன்னுராஜ் அண்ணாச்சி அந்தக் காகிதங்களை ஒரு எக்ஸ்ரே உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்றுதான் முத்துப்பேச்சி முதலில் நினைத்தாள்.

“எக்ஸ்ரே இல்ல தாயி, பாட்டு,” என்றார் அவர். “மடங்கிரக் கூடாதுன்னு இதுக்குள்ள வச்சேன்.”

2002ஆம் வருஷம், ஜூன் மாதம். அல்லிநகரத்தில் முத்துப்பேச்சி டிடிபி கடை வைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கோம்பையில் தோட்டங்காடு உள்ள குடும்பத்தில் பிறந்தவள். புருஷன் கர்ணன், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவன். அவள் அடித்துக்கொடுக்கும் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பிழை இருக்காது என்று போடி வரைக்கும் பேச்சு. பத்திரிகையில் தாய்மாமன் பேரை விட்டுவிட்டு வருகிறவர்களிடம், “ஏங்க, மாமன் இல்லாமயா கல்யாணம் பண்றீக?” என்று கேட்டு எழுதிவாங்கிச் சேர்ப்பாள்.

பொன்னுராஜுக்கு அந்தப் பேச்சை நம்பித்தான் அவளிடம் வரத் தோன்றியது. பகலில் அவர் மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர். சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் சபையின் பாடகர் குழுவுக்குத் தலைவர். அக்டோபரில் ஆலயத்துக்கு எழுபத்தைந்தாம் வருஷப் பிரதிஷ்டைப் பண்டிகை வருகிறது. அதில் ‘நாற்பத்தொன்று’ பாட வேண்டும் என்று போதகர் சொல்லியிருந்தார்.

“நாற்பத்தொன்னா? அதென்ன பேரு அண்ணாச்சி?”

“பழைய புஸ்தகத்துல நாற்பத்தொன்னாம் பாட்டு. ஜெர்மன்காரர் ஒருத்தர் எழுதுனது, எரநூத்தம்பது வருசம் இருக்கும். பேரு கிழிஞ்ச பக்கத்தோட போச்சு. சீமையில அச்சடிச்ச புஸ்தகம். எந்தக் காலத்துலயோ நம்ம உபதேசியார் ஒருத்தர் தமிழ் வார்த்தை போட்டு, அதை அடியில ஒட்டி வச்சிருந்தாரு. அந்தப் புஸ்தகத்தைத்தான் தொண்ணூத்தொன்னுல நான் ஜெராக்ஸ் எடுத்தேன். எடுத்த வருசமே பெட்டியோட கரையான் தின்னுபோச்சு.”

இப்போது மிச்சம் இருப்பது இந்த ஆறு பக்கம்தான். இதிலிருந்து ஜெராக்ஸ், அதிலிருந்து இன்னொரு ஜெராக்ஸ் என்று எடுத்து எடுத்து, பாடுகிறவர்கள் கையில் இருப்பதெல்லாம் கருப்பு மழை பெய்த மாதிரி ஆகிவிட்டது. புதிதாக, சுத்தமாக, முப்பது பேருக்கு முப்பது பிரதி வேண்டும்.

முத்துப்பேச்சி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாட்டு என்று சொன்னாலும் கோடும் குமிழும் இல்லை. சிறிய இங்கிலீஷ் எழுத்துகள். நடுநடுவே முக்கால்புள்ளி, அரைக்கோடு, புள்ளி, காற்புள்ளி. நாலு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடியது.

பொன்னுராஜ் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். டி என்றால் டோ, ஆர் என்றால் ரே. நம்முடைய ஸரிகம மாதிரிதான். மேல் வரி பொம்பளைகளில் உச்சக் குரலுக்கு, அதற்குக் கீழே ஆல்டோ என்கிற அடிக்குரலுக்கு. மூன்றாவது டெனர், நாலாவது பேஸ், இரண்டும் ஆம்பளைகளுக்கு. முக்கால்புள்ளிக்கு முக்கால்புள்ளி ஒரு தட்டு. நடுவில் ஒரு புள்ளி வந்தால் அந்தத் தட்டைப் பாதியாக வெட்ட வேண்டும்.

“ஒரு எழுத்துக்குப் பின்னால புள்ளி வச்சு, அதுக்கப்புறம் ஒன்னுமே இல்லைன்னா?”

“அரைத் தட்டு பாடிட்டு, அரைத் தட்டு வாயை மூடிக்கிறணும்.”

“அப்ப ஒரு புள்ளி விட்டுப்போனா முப்பது பேரும் தப்பாப் பாடுவாக.”

“அதான் தாயி ஒன்னைத் தேடி வந்தேன்,” என்றார் பொன்னுராஜ்.

முத்துப்பேச்சிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. வேலையை எடுத்துக்கொண்டாள்.

அடிக்க உட்கார்ந்த பிறகுதான் தொல்லை தெரிந்தது. பழைய ஜெராக்ஸில் புள்ளிக்கும் அழுக்குக்கும் வித்தியாசமே இல்லை. சில இடங்களில் ஒரு தட்டுக்குள் மூன்று புள்ளி நின்றது. சில இடங்களில் எழுத்தின் தலையில் ஒரு கீற்று. அது உண்மையான கீற்றாக இருந்தால் குரல் எட்டுப்படி மேலே தாவ வேண்டும், கறையாக இருந்தால் தாவக் கூடாது. சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டாள். முடித்து எண்ணிப் பார்த்தபோது அறுபத்துமூன்று வட்டம்.

வியாழக்கிழமை மத்தியானங்களில் பொன்னுராஜ் கடையைப் பூட்டிவிட்டு வருவார். அவள் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுக் கேட்பாள். “இது புள்ளியா, அழுக்கா?” அவர் தொடையில் தாளம் தட்டிப் பாடிப் பார்ப்பார். தட்டுக் கணக்கு இடித்தால் அழுக்கு, இடிக்காவிட்டால் புள்ளி. சாதிச் சான்றிதழ் நகலெடுக்க வந்தவர்களெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றார்கள். ஒருமுறை அவர் பேஸ் வரியை அடிவயிற்றிலிருந்து எடுத்தபோது, பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “அண்ணாச்சிக்கு என்ன செய்யுது?” என்று பதறிப்போய்க் கேட்டார்.

அடித்து அடித்து அந்த வரிகள் முத்துப்பேச்சியின் வாயிலும் ஏறிவிட்டன. சோறு வடிக்கும்போது ஆல்டோ வரியை முனகுவாள். அதைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒரே இடத்தில் நின்று, கொஞ்சம் இறங்கி, திரும்ப அங்கேயே வந்து நிற்கும்.

“என்னடி, ரிவர்ஸ் எடுக்க முடியாம வண்டி நிக்குற மாதிரிப் பாடுற?” என்பான் கர்ணன்.

“மத்த மூணு பேரும் சேந்தாத்தான் இது பாட்டு. ஒனக்கென்ன தெரியும்?”

நாற்பத்தேழாவது வட்டம் மூன்றாம் பக்கத்தில், ஆல்டோ வரியில் இருந்தது. ‘எல்லாம் விலகும், நீர் விலகீர்’ என்று நாலு குரலும் சேர்ந்து ஏறி நிற்கிற இடம். ‘விலகீர்’ முடிகிற தட்டில் மற்ற மூன்று வரியிலும் தெளிவாகப் புள்ளி இருந்தது. ஆல்டோவிலும் ஒன்று இருந்தது. ஆனால் மற்ற மூன்றையும்விட அது கொஞ்சம் பெரியது, கொஞ்சம் தள்ளியும் இருந்தது.

“இது அண்ணாச்சி?”

“புள்ளி,” என்றார் பொன்னுராஜ். காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை.

“மத்ததுக்கெல்லாம் பாடிப் பாத்தீக. இதுக்குப் பாடலையே?”

“மூணு பேரும் நிறுத்துற எடத்துல நாலாவது ஆளும் நிறுத்தணும்ல? அதுல சந்தேகமே வேணாம். அடுத்தது சொல்லு.”

அவர் குரல் மாறியிருந்தது. முத்துப்பேச்சி அடுத்த வட்டத்துக்குப் போனாள். ஆனால் நாற்பத்தேழைப் பென்சிலால் அடிக்கவில்லை. புள்ளி இருந்தாலும் தட்டுக் கணக்கு சரியாக வந்தது, இல்லாவிட்டாலும் சரியாகவே வந்தது. கணக்கு தீர்ப்புச் சொல்லாத ஒரே இடம் அதுதான்.

விஷயத்தை அவளுக்குச் சொன்னது அண்ணாச்சியின் மகள் ஷீபா. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண், ஆல்டோவில் பாடுகிறவள். அடித்து முடித்த பக்கங்களை வாங்கிப்போக வந்தவளிடம் முத்துப்பேச்சி அந்த இடத்தைக் காட்டிக் கேட்டாள்.

“ஐயோ அக்கா, அந்தப் புள்ளியா? அதுல ஒரு சண்டையே நடந்திருக்கு,” என்றாள் ஷீபா.

அப்போது அவளுக்குப் பத்து வயது. பயிற்சி நடக்கும்போது பின்பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பொன்னுராஜ் தலைவராகி ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆல்டோவில் ஞானபாக்கியம் என்று ஒரு நர்ஸ் இருந்தார். சின்னப் பிள்ளையிலிருந்து அந்தச் சபையில் பாடுகிறவர். ‘விலகீர்’ வந்ததும் எல்லாரும் நிறுத்தினார்கள். ஞானபாக்கியம் மட்டும் நிறுத்தாமல் இழுத்தார். பொன்னுராஜ் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் அவர் அப்படியேதான் பாடினார். பழைய புஸ்தகத்தைப் பார்த்துப் பாடியபோது இங்கே ஆல்டோவுக்கு நிறுத்தம் கிடையாது என்றார்.

“அப்பாவுக்குக் கோவம் வந்துருச்சு. ‘புள்ளி கண்ணு முன்னால இருக்கு அக்கா. தெரியலைன்னா கண்ணாடியை மாத்திட்டு வாங்க’ன்னு சொல்லிட்டாக. எல்லாரும் சிரிச்சுட்டாக. நர்சம்மா காகிதத்தை ஆர்கன் மேல வச்சுட்டுப் போனவுகதான். அப்புறம் மாற்றல் வாங்கிக் கடமலைக்குண்டு போயிட்டாக. ரிட்டயர் ஆகியும் அங்கனதான் இருக்காக. ஒம்பது வருசம் ஆச்சு.”

“அப்பா போயிக் கூப்பிடலையா?”

“தப்புப் பண்ணுனவுகதான் வரணும்னு இவுக சொல்லிட்டாக. வீட்டுல அந்தப் பேச்சையே எடுக்க முடியாதுக்கா.”

ஆகஸ்டில் ஒரு நாள், நிலப் பட்டா நகலெடுக்க வந்த ஒருவர் திரும்பி வந்து சண்டை பிடித்தார். “ஏம்மா, சர்வே நம்பருக்குப் பக்கத்துல புள்ளி விழுந்திருக்கு. இதைக் கொண்டுபோனா ஆபீஸ்ல எம் நெலத்தையே மாத்திப்புடுவாக!” முத்துப்பேச்சி பார்த்தாள். அவர் எடுத்த ஐந்து தாளிலும் அதே இடத்தில் ஒரு புள்ளி. மெஷின் மூடியைத் திறந்தாள். கண்ணாடியில் துளியூண்டு பசை ஒட்டிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டித் துடைத்துவிட்டுப் புதிதாக எடுத்துக் கொடுத்தாள்.

அவர் போனபின்பும் மூடியைத் திறந்துவைத்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

எக்ஸ்ரே உறையை எடுத்து, ஆறு பக்கத்தையும் வெளியே உருவினாள். ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு இரண்டாகக் கடையின் கண்ணாடிக் கதவில் வெயிலுக்கு எதிராகப் பிடித்தாள். முதல் பக்கத்தில் ஒரு புள்ளி, வெற்றிடத்தில். இரண்டாம் பக்கத்தில் அதே இடத்தில் இரண்டு வரிக்கு நடுவே. மூன்றாம் பக்கத்தில் ஆல்டோ வரியில், ‘விலகீர்’ முடிகிற எழுத்தை ஒட்டி. நாலாம் பக்கத்தில் ஒரு நெட்டுக்கோட்டின்மேல் பாதி மறைந்து. ஐந்தாம் பக்கத்தில் அது தமிழ் வரியில் விழுந்து, ‘பல நாளும்’ என்பதில் லகரத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது. ஆறாம் பக்கத்தில் மறுபடியும் வெற்றிடத்தில்.

ஆறு பக்கத்திலும் ஒரே புள்ளி. ஒரே பருமன், ஒரே இடம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கடையின் ஜெராக்ஸ் கண்ணாடியில் இருந்த அழுக்கு.

வியாழக்கிழமை பொன்னுராஜ் வந்ததும் அவள் எக்ஸ்ரே உறையை எடுத்தாள். கதவருகே கூட்டிப்போய், பக்கங்களை அடுக்கிப் பிடித்துக் காட்டினாள். அவர் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றுகிறவர், நுணுக்க வேலைக்காரர். இரண்டு தடவை காட்ட வேண்டியிருக்கவில்லை.

“‘பல் நாளும்’ன்னுல நாங்க பாடிக்கிட்டு இருக்கோம்,” என்றார் முதலில். “செய்யுள் நடை போலருக்குன்னு நெனச்சேன்.”

பிறகு மூன்றாம் பக்கத்தைத் தனியாக வாங்கிப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தாள். அது ஆடை கட்டும்வரை குடிக்காமலே வைத்திருந்தார்.

“யார்ட்டயும் சொல்லிட்டியா?”

“இல்ல அண்ணாச்சி.”

“சரி தாயி,” என்று எழுந்து போய்விட்டார். எக்ஸ்ரே உறையைக்கூட எடுத்துப்போகவில்லை.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. தான் செய்தது சரியா என்று முத்துப்பேச்சிக்கே குழப்பமாகிவிட்டது. பெரிய மனுஷர், சபையில் மதிப்புள்ளவர். அவர் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டதோ என்று கர்ணனிடம் புலம்பினாள். “நீயா புள்ளி வச்ச? மெஷின் வச்சது,” என்றான் அவன். அடிக்கும் பக்கத்தில் அந்த ஒரு தட்டை மட்டும் காலியாக விட்டுவைத்தாள்.

அதற்கும் அடுத்த ஞாயிறு, சபை முடிந்து வெள்ளைச் சட்டையோடு பொன்னுராஜ் நேராக அவள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்.

“கடமலைக்குண்டு வரைக்கும் வர்றியா தாயி? நான் சொன்னா அந்தக்கா நம்பாது. நீ அடுக்கிக் காட்டு.”

கர்ணனே ஜீப்பை எடுத்தான். கண்டமனூர் தாண்டி மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. தென்னந்தோப்புகள் வந்ததும் பொன்னுராஜ், “ஒரு வாரமா மனசுக்குள்ள பேசிப் பாத்துட்டேன். முதல் வார்த்தையே வரமாட்டேங்குது,” என்றார்.

“முதல்ல குடிக்கத் தண்ணி கேளுங்க அண்ணாச்சி. மத்தது தானா வரும்,” என்றாள் முத்துப்பேச்சி.

ஞானபாக்கியத்தின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. நர்சம்மா வீடு என்றதும் கைகாட்டினார்கள். முன்னறையில் ஒரு விவசாயி சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்; வெளுத்த சேலையில் உயரமான ஒரு அம்மா அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார். பொன்னுராஜைக் கண்டு முகத்தில் எதுவும் மாறவில்லை.

“உக்காரு. இவருக்குப் பாத்துட்டு வாரேன்.”

விவசாயி போனதும் அவர் பொன்னுராஜைப் பார்த்து, “கையை நீட்டு,” என்றார்.

“அக்கா, நான் அதுக்கு வரல...”

“மூஞ்சி செவந்திருக்கு, வேர்த்துக் கொட்டுது. நீட்டு.”

அவர் நீட்டினார். அறையில் காற்றழுத்தும் சத்தம் மட்டும் கேட்டது. ஞானபாக்கியம் பட்டையை அவிழ்த்தார்.

“நூத்தி எழுபது. மாத்திரை திங்கிறியா?”

“திங்கிறேன்.”

“தெனமுமா?”

“மறந்துருது அக்கா.”

“மறக்கக்கூடாததையெல்லாம் மறந்துட்டுத் திரி,” என்றார் ஞானபாக்கியம். முத்துப்பேச்சியின் பக்கம் திரும்பி, “இது யாரு?” என்று கேட்டார்.

பொன்னுராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். முத்துப்பேச்சி தானே பேசினாள். “நான் டிடிபி கடை வச்சிருக்கேன்மா, அல்லிநகரத்துல. நாற்பத்தொன்னை நான்தான் அடிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு சந்தேகம். ஒங்ககிட்டக் காட்டலாம்னு அண்ணாச்சி கூட்டிட்டு வந்தாக.”

ஜன்னல் பக்கம் போய் ஆறு பக்கத்தையும் இரண்டு இரண்டாகப் பிடித்துக் காட்டினாள். தன் மெஷினில் பசை ஒட்டிய கதையையும் சொன்னாள். ஞானபாக்கியம் கண்ணாடி போடாமலே கிட்டே வந்து பார்த்தார். கடைசியில் மூன்றாம் பக்கத்தை மட்டும் கையில் வாங்கி, விரலால் அந்தப் புள்ளியைத் தடவினார்.

“எனக்குத் தெரியும்,” என்றார். “அந்த எடத்துல மத்த மூணு பேரும் மூச்சு வாங்குறாக. எல்லாம் விலகுதுன்னு அர்த்தம். ஒரு குரல் மட்டும் போகாம நிக்கும். நீர் விலகீர்னா விலகமாட்டீர்னுதான, பாட்டே அதைத்தான் சொல்லுது. பதினாலு வயசுல நான் அதைப் பாடுறப்ப எனக்கு மயிர்க்கூச்செடுக்கும்.”

“தப்பு என்னுதுதான் அக்கா,” என்றார் பொன்னுராஜ். “அழுக்கைப் போயிப் புள்ளின்னு...”

“தம்பி, புள்ளிக்காகவா நான் பாடுறதை விட்டுட்டு வந்தேன்?” அவர் குரல் உயரவில்லை. “புள்ளி யாருக்கும் தப்பாத் தெரியலாம். கண்ணாடியை மாத்திட்டு வான்னியே, எல்லாரும் சிரிச்சாகளே. அதுல பாதிப் பிள்ளைகளுக்கு நாந்தான் பிரசவம் பாத்தேன். அதுதான் எனக்குத் தாங்கல.”

பொன்னுராஜ் தலையைக் குனிந்துகொண்டார். “அதுக்குத்தான் வந்தேன். எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் ஒம்பது வருசம் வரல,” என்றார். அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல முத்துப்பேச்சி காகிதங்களை உறைக்குள் போட்டாள்.

ஞானபாக்கியம் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீரும் ஒரு மாத்திரையும் கொண்டுவந்தார். “முழுங்கு,” என்றார். அவர் முழுங்கியதும், “பண்டிகைக்கு நான் வந்து கேக்குறேன். பாட முடியாது. வயசாகிக் குரல் எறங்கிப்போச்சு. ஆல்டோவுக்கே எட்டல. மேல போனா காத்துதான் வருது,” என்றார்.

பொன்னுராஜ் நிமிர்ந்தார். சற்றுமுன்னிருந்த ஆள் போய், சனிக்கிழமைத் தலைவர் வந்துவிட்டார். “கீழ எம்புட்டுப் போகும்?”

“ஏன்?”

“பாடுங்க அக்கா. டோவுல இருந்து எறங்குங்க.”

அந்த அம்மா முறைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்கினார். கனமான, கொஞ்சம் கரகரத்த, ஆனால் இடறாத குரல். வாசலில் ஜீப்பில் சாய்ந்து நின்ற கர்ணன் யாரோ ஆம்பளை பாடுகிறான் என்று எட்டிப் பார்த்தான்.

“டெனர்ல எனக்கு ரெண்டே பேருதான் இருக்காக,” என்றார் பொன்னுராஜ். “அதுல ஒருத்தர் எப்பவும் சுருதி எறங்குவாரு.”

“என்னைய ஆம்பளை வரிசையில நிறுத்தப்போறியா?”

“வாங்கக்கா.”

ஞானபாக்கியம் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் அறையின் இறுக்கம் குறைந்தது. அன்றைக்கு மூன்று பேரும் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு அவர் பஸ் பிடித்து வந்தார். எல்லாரும் வரிசையில் நின்ற பிறகு பொன்னுராஜ் முன்னால் வந்து, தொண்ணூற்றுமூன்றில் இந்த இடத்தில் நின்று தான் என்ன சொன்னார் என்பதை ஒரு வார்த்தை விடாமல் திரும்பச் சொன்னார். “அக்கா பாடுனதுதான் சரி. நான் பேசுனது தப்பு. அன்னைக்குச் சிரிச்சவுகள்ல இங்கன இருக்கவுக இருக்கீக. நீங்களும் யோசிச்சுக்கங்க,” என்றார். ஆர்கன் வாசிக்கிற ஏசுதாசன் வாத்தியார் எழுந்து வந்து ஞானபாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான் என்று ஷீபா பிற்பாடு முத்துப்பேச்சியிடம் சொன்னாள்.

முத்துப்பேச்சி காலியாக விட்டிருந்த தட்டைப் புள்ளியில்லாமல் நிரப்பினாள். ‘பல நாளும்’ சரியானது. முப்பது பிரதி, கெட்டி அட்டை போட்டு, நூல் கோத்துக் கொடுத்தாள். அறுபத்திரண்டு வயதில் ஞானபாக்கியம் அந்தப் புதுப் பிரதியை வைத்துக்கொண்டு டெனர் வரியை முதலிலிருந்து படித்தார். வாய் பழகிப்போன ஆல்டோவுக்குத் தாவிவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப ஆரம்பிப்பார்.

பண்டிகையன்று ஆலயம் வழிந்தது. முத்துப்பேச்சியும் கர்ணனும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு ஆம்பளைகளுக்கு நடுவே, அவர்களைவிட ஒரு விரற்கடை உயரமாக, ஞானபாக்கியம் நின்றார். அவளுக்குத் தெரிந்த அந்த நாலு வரியும் முதல் தடவையாகச் சேர்ந்து எழுந்தன. தனித்தனியாக அவள் அடித்த எழுத்துகள்தாம். ஆனால் சேர்ந்தபோது கூரையையே தூக்குகிற மாதிரி இருந்தது. கர்ணன் அவள் கையைத் தொட்டு, “இதுல ஒன் வரி எது?” என்று மெதுவாகக் கேட்டான்.

‘நீர் விலகீர்’ வந்தது. மூன்று குரலும் நின்றன. டெனர் வரியில் புள்ளி இருந்ததால் ஞானபாக்கியமும் நிறுத்தினார். ஷீபாவும் அவளோடு நின்ற ஐந்து பெண்களும் மட்டும் அந்தச் சுரத்தை விடாமல் பிடித்து நின்றார்கள். அரைத் தட்டுதான். அதற்குள் ஆலயத்தில் ஒருவரும் அசையவில்லை. வாயை மூடி நின்ற ஞானபாக்கியத்தின் கண்ணிலிருந்து நீர் இறங்குவது கடைசிப் பெஞ்சிலிருந்தே தெரிந்தது. பிறகு எல்லாக் குரலும் திரும்பச் சேர்ந்தன. அவர் ஒரு தட்டும் தவறாமல் உள்ளே வந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் சாப்பாடு. முத்துப்பேச்சியிடம் பலபேர் வந்து பேசினார்கள். கம்பத்திலிருந்து வந்திருந்த ஒரு பாடகர் குழுவினர் தங்கள் சபைக்கும் இதே மாதிரி ஒரு பாட்டை அடித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். அவள் பூரித்துப்போய் நின்றபோது ஞானபாக்கியம் பிரதியோடு வந்தார்.

“நல்லா அடிச்சிருக்க ஆத்தா. கண்ணுக்குக் குளுமையா இருக்கு. ஆனா நாலாம் பக்கம், டெனர், ரெண்டாவது வரி. அங்கன ஒரு கோடு விட்டுப்போயிருக்கு.”

முத்துப்பேச்சி வாங்கிப் பார்த்தாள். இழுத்துப் பாடச் சொல்லும் அரைக்கோடு அங்கே இல்லை. முப்பது பிரதியிலும் இல்லை. அது பிழையானால், ஆறு வருஷத்தில் அவள் விட்ட முதல் பிழை.

“அப்ப தப்பாவா பாடுனீக?”

“இல்ல. பேஸ் வரி நீளுதே, டெனரும் நீண்டாத்தான் சரியா வரும்னு நானா நீட்டிக்கிட்டேன். பக்கத்துல நின்ன ரெண்டு பேரையும் இடிச்சு நீட்ட வச்சேன்.”

அந்தப் பக்கம் மோர் வாளியோடு போன பொன்னுராஜ் நின்றார். “என்ன நீட்டுனீக? எனக்குத் தெரியாமயா?” என்று பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, “இங்கன கோடு வராதே அக்கா. பழைய பிரதியிலயே இல்லையே,” என்றார்.

“இருந்துச்சு.”

“இல்லக்கா. நான் பாத்திருக்கேன்.”

“நீ பாத்த லட்சணம் தெரியாதாக்கும்.”

இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். பொன்னுராஜ் மோர் வாளியைக் கீழே வைத்தார்.

“வியாழக்கிழமை கடைக்கு வாங்க,” என்றாள் முத்துப்பேச்சி. “ரெண்டு பேரும். பழைய பக்கம் எங்கிட்டத்தான் இருக்கு. வச்சுப் பாத்துருவோம்.”

“மத்தியானப் பஸ்ஸுக்கு வாரேன்,” என்றார் ஞானபாக்கியம். “தம்பி, மாத்திரை தின்னியா இன்னைக்கு?”

பொன்னுராஜ் மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நடந்தார்.